இரண்டங்குல மண்

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாகாணத்தில் வாழும் என் சித்தப்பாவின் இல்லத்தில் ஐந்து வாரம் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்நாடு சென்று மீண்டோர் பலரும் நயாகரா வீழ்ச்சியையும் நியூயார்க்கு நகரத்து மாடங்களையும் வருணித்தல் வழக்கம். நான் எழுதப் புகுவதோ, சித்தப்பாவின் வீட்டுப் புழைக்கடையில் நாங்கள் அமைக்கத் தொடங்கிய ஒரு நீச்சற்குளத்தைப் பற்றியும், அதன் அடியில் நான் மறைத்துவைத்த இரண்டங்குல மண்ணைப் பற்றியுமே.

குளம் என்றவுடன் அகழ்ந்து கட்டிய குளத்தை நினைத்தல் வேண்டா. இது தரையின்மேல் நிற்பது. மெல்லிய உலோகத் தகட்டைச் சுவராக வளைத்து நிறுத்தி, உள்ளே வினைல் விரிப்பை இட்டு, 4 அடி உயரத்திற்கு நீர் நிரப்புவர். குளம் வட்டமாயின், நீர் எப்பக்கமும் ஒப்பத் தள்ளுதலால், பீப்பாயைச் சூழ்ந்த இரும்பு வளையம்போலச் சுவர் தன்னைத்தானே இறுக்கி நின்றுவிடும். சித்தப்பா வாங்கியதோ 30 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள நீள்வட்டக் குளம். நீள்வட்டம் என்பது பெயரளவே. உண்மையில் அஃது இரண்டு அரைவட்டங்களும், அவற்றை இணைக்கும் 15 அடி நீளமுள்ள இரண்டு நேர்ச்சுவர்களுமே ஆகும். அரைவட்டங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். நேர்ச்சுவர்களுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலின், அவற்றின் வெளிப்புறத்தே பக்கத்திற்கு மூன்றாக ஆறு முட்டுக்கால்களை நிறுத்தி, எதிரெதிரே நிற்கும் கால்களைக் குளத்தின் அடியில் ஓடும் எஃகுப் பட்டைகளால் பிணைத்தல் வேண்டும். அப்பட்டைகளை நீரின் பாரமே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தள்ளுகின்ற நீரே தாங்குதற்கும் துணையாகின்ற இவ்வமைப்பினை எண்ணி வியந்தேன்.

அந்நாட்டில் எவரும் தம் நிலத்தைத் தோண்டுமுன் 811 என்னும் எண்ணிற்குத் தொலைபேசி வழியே அறிவித்தல் வேண்டும். அறிவித்த சின்னாட்களில் ஆட்கள் வந்து, நிலத்தடியில் மின்கம்பி செல்லும் வழியில் சிவப்புக் கொடியும், எரிவாயுக் குழாயின் வழியில் மஞ்சட் கொடியும் நட்டுச் சென்றனர். அவ்விரு வழிகளையும் விலக்கி, குளத்தின் நடுக்கோட்டினைக் கயிறு கட்டிக் குறித்தோம். அக்கோட்டின்மேல் 15 அடி இடைவிட்டு இரண்டு முளைகளை அறைந்து, ஒவ்வொரு முளையினின்றும் 7½ அடிக் கயிற்றைச் சுழற்றி அரைவட்டங்களை வரைந்தோம். மூன்று, நான்கு, ஐந்து என்னும் அளவால் மூலைமட்டம் பார்த்து நேர்ச்சுவர்களின் கோடுகளை இழுத்தோம். நடுவிலமைந்த சதுரத்தின் குறுக்களவு இரண்டும் 21 அடி 2½ அங்குலமாக ஒத்திருக்கக் கண்டபின்னரே சித்தப்பா மண்வெட்டியைத் தொட்டார்.

என் பாட்டனார் கொத்தனார். சித்தப்பா பொறியியல் கற்றுக் கடல்கடந்து சென்றவராயினும், மட்டம் பார்ப்பதில் தம் தந்தையாரின் முறையையே கைக்கொண்டார். கண்ணாடிபோல் ஊடு தெரியும் நீண்ட குழாயொன்றில் நீரை நிரப்பி, அதன் ஒரு முனையை அடிப்படை முளையருகேயும் மற்றொரு முனையை மட்டம் அறியவேண்டிய இடத்திலும் பிடித்தார். எவ்வளவு தொலைவாயினும் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். “குழாயின் உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் நீர் பொய் சொல்லும், தம்பி, முதலில் அதைப் பார்” என்று எச்சரித்தார். பின்னர் ஒரு விதியையும் கூறினார்: “மேட்டை வெட்டித் தாழ்த்தலாம், பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்தலாகாது. வெட்டாத மண் பாரத்தைத் தாங்கும். இட்ட மண் அமிழும்.” ஏசாயா தீர்க்கதரிசி பள்ளங்கள் உயர்வதையும் குன்றுகள் தாழ்வதையும் ஒருங்கே கூறியிருக்க, சித்தப்பாவின் வேதத்தில் பிற்பாதி மட்டுமே உள்ளதென்று நான் நகைத்தேன். அவரும் நகைத்தார், விதியை மட்டும் மாற்றவில்லை.

முட்டுக்கால்கள் நிற்பதற்குரிய ஆறு சிமிண்டுக் கற்களைப் பதிக்கும் பணி எனக்கு வாய்த்தது. ஆறும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் தன்னளவில் சாயாதிருத்தலும் வேண்டும். நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் குறள் பத்தினையும் பாராமல் ஒப்பிக்க வல்ல எனக்கு, ஒரு கல்லை நடுவுநிலையில் வைத்தல் இத்துணை அரிதென்பது அன்றுதான் விளங்கிற்று. ஐந்து கற்களை வைத்து முடிப்பதற்குள் மாலையாயிற்று. உள்ளங்கை கொப்புளித்தது. ஆறாம் குழியில் ஒரு மரவேர் குறுக்கிட, அதனை வெட்டியெடுக்கும் விரைவில் இரண்டங்குலம் மிகுதியாகத் தோண்டிவிட்டேன். கல்லை வைத்துப் பார்த்தேன், தாழ்ந்திருந்தது. சித்தப்பா அப்புறத்தே பட்டைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் தோண்டிய மண்ணையே குழியில் தள்ளி, காலால் மிதித்து, அதன்மேல் கல்லை வைத்தேன். ரசமட்டத்தின் குமிழி நடுவே வந்து நின்றது.

சித்தப்பா வந்து பார்த்தார். குழாயைப் பிடித்தார், நீரும் ஒத்திருந்தது. “அடியில் வெட்டாத மண்தானே?” என்று கேட்டார்.

“ஆம், சித்தப்பா” என்றேன்.

ரசமட்டமும் பொய் கூறவில்லை. குழாயும் பொய் கூறவில்லை. கூறியவன் நான் ஒருவனே. அவர் அக்கல்லின்மேலும் முட்டுக்காலின் அடித்தளத்தை வைத்துப் பட்டையைப் பூட்டினார். மறுநாள் சனிக்கிழமை. சபை நண்பர் நால்வர் வந்து சுவரை நிறுத்தத் துணைபுரிவதாக ஏற்பாடு.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில், சித்தப்பாவின் மகளும் எனக்குத் தங்கையுமாகிய ஏழு வயதுச் சிறுமி, குளத்திற்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்தினாள். “அண்ணன் கையிலுள்ள புண் ஆறவேண்டும்” என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு ஆமென் சொல்ல நா எழவில்லை.

படுக்கையிற் கிடந்து கணக்கிட்டுப் பார்த்தேன். அக்குளம் கொள்ளும் நீர் ஏறத்தாழ 45,000 லிட்டர். அதன் எடை 45 டன். 4 அடி நீர் நிற்கும்போது நேர்ச்சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறத்தாழ 500 இராத்தல் விசை வெளியே தள்ளும். 15 அடிச் சுவருக்கு 7,500 இராத்தல். அதனை எதிர்த்து நிற்பவை மூன்று கால்கள். அவற்றுள் ஒன்று என் மண்ணின்மேல் நிற்கிறது. மண் அமிழ்ந்தால் கால் புறத்தே சாயும். கால் சாய்ந்தால் சுவர் பிதுங்கும். பிதுங்கிய சுவர் பிளக்குமாயின், அந்நேரத்தில் நீரில் நிற்பவர் யார்? “ஒன்றும் நேராது, நன்றாகத்தானே மிதித்தாய்” என்று மனம் வாதாடிற்று. ஆயினும் அவ்வாதத்தைச் சித்தப்பாவின் முன் எடுத்துரைக்கும் துணிவு எனக்கு இல்லாமையே அதன் வலிமையைக் காட்டிவிட்டது.

விடியுமுன் எழுந்து சொல்லிவிட வேண்டுமென்று உறுதிகொண்டேன். விடிந்தபின்னோ சிற்றுண்டி முடியட்டும் என்றும், பின்னர்ச் சற்றுப் பொறுக்கலாம் என்றும் நாழிகை கடத்தினேன். அதற்குள் நண்பர்கள் வந்துவிட்டனர். தனியே சொல்லியிருக்கக்கூடியதை, அவர்கள் காப்பிக் கோப்பையுடன் சூழ்ந்து நிற்கையில் சொல்ல நேர்ந்தது.

“சித்தப்பா, ஆறாவது கல்லின்கீழ் நான் மண் இட்டிருக்கிறேன். நேற்றுத் தங்களிடம் பொய் சொன்னேன்.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் நண்பர்களை நோக்கி, இன்று சுவரை நிறுத்த இயலாதென்றும், அடுத்த சனிக்கிழமை வந்து உதவவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். காரணத்தை மீண்டும் உரைக்கவில்லை. அவர்கள் சென்றபின் என்னிடம், “தம்பி, மண்வெட்டியை எடுத்து வா” என்றார்.

பட்டையைக் கழற்றி, முட்டுக்காலை அகற்றி, கல்லைத் தூக்கினோம். நான் இட்ட மண் கையால் அள்ளுமளவு தளர்வாகவே இருந்தது. அதனை முற்றும் நீக்கி, கெட்டியான களிமண் தென்பட்டபின், சிமிண்டும் மணலும் சரளையும் கலந்து நிரப்பித் திமிசு கொண்டு இடித்தோம். அப்போது அவர் கூறியது இன்றும் என் செவியில் நிற்கின்றது: “மிகுதியாகத் தோண்டியது பெரிதன்று, பழகாத கைக்கு அது நேரும். நேற்றே சொல்லியிருந்தால் அரைமணி நேர வேலை. மறைத்ததனால் ஒரு வாரமாயிற்று.” அவர் கடிந்துரைத்தது அவ்வளவே. கடுஞ்சொற் கேட்டிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

தங்கை மூன்று நாள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. நான் திரும்பிப் புறப்படவேண்டிய நாள் அடுத்த புதன்கிழமை. ஆகவே, சுவர் எழும்பியதையும் நீர் நிறைந்ததையும் நான் காணவில்லை; அக்குளத்தில் ஒருமுறையும் நீராடவில்லை.

ஊர் வந்து மூன்று வாரத்திற்குப்பின் சித்தப்பா ஒரு நிழற்படம் அனுப்பினார். தங்கை நீரில் நின்று கையசைக்கிறாள். என் கண் அவளைவிட்டுச் சுவரின் மேல்விளிம்பிற்குச் சென்றது. நிறைந்த குளத்திற்கு வேறு மட்டக்கோல் வேண்டா. தரை எங்கேனும் தாழ்ந்திருந்தால், அவ்விடத்தில் நீர் விளிம்பை நெருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படத்தில் தெரிந்த அளவில், நீரின் கோடும் விளிம்பின் கோடும் ஒத்தே சென்றன. ஆறாவது கல்லின் பக்கத்தை நான் பலமுறை பார்த்தேன்.

இப்பருவத்தில் ஆசிரியருக்கு ஒப்படைக்கவேண்டிய கட்டுரையொன்றின் இறுதியில், நான் புரட்டியும் பாராத ஓர் உரைநூலின் பெயரைக் கற்ற நூல்களுடன் சேர்த்து எழுதியிருந்தேன். மேலோட்டமாக நோக்குவோர்க்கு அது மட்டமாகவே தோன்றியிருக்கும். கட்டுரையைக் கொடுக்குமுன் அந்த இரண்டங்குல மண் நினைவிற்கு வந்தது. பெயரை அடித்துவிட்டு, நூல்நிலையத்தை நோக்கி நடந்தேன்.