மே சோட்: தாய்லாந்தின் மேற்கெல்லையில் ஒரு தையல் நகரம்

தாய்லாந்தின் தாக் மாகாணத்தில் மோய் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள மே சோட், அக்கரையிலுள்ள மியான்மரின் மியாவாடியோடு 1997இல் திறக்கப்பட்ட நட்புறவுப் பாலத்தால் இணைக்கப்பட்ட எல்லை நகரமாகும். இணையவழி மோசடிக் கும்பல்களிடம் தமிழக இளைஞர்கள் சிக்கிய 2022ஆம் ஆண்டுச் செய்திகளால் மியாவாடி என்னும் பெயர் தமிழ் நாளேடுகளில் அடிபடத் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அக்கரைப் பெண்களின் உழைப்பை நம்பித்தான் இக்கரை நகரம் வளர்ந்துவந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மியான்மரில் 1988ஆம் ஆண்டு எழுச்சி ஒடுக்கப்பட்டதாலும், அங்குள்ள கரேன் மாநிலத்தில் நீண்டுகொண்டே போன போரினாலும் பிழைப்புத் தேடி ஆற்றைக் கடந்தவர்கள் பெருகியிருந்த நிலையில், 1990களில் ஆயத்த ஆடை, பின்னலாடை ஆலைகள் தாய்லாந்து அரசின் முதலீட்டுச் சலுகைகளோடு இங்கு வந்து இறங்கின. ஆலைகளை எல்லைக்கு இழுத்தது குறைந்த கூலி மட்டுமன்று. வந்த தொழிலாளி வேறு ஊருக்கு எளிதில் போய்விட முடியாது என்பதும் முதலாளிகளுக்குப் பெரும் வசதியாக அமைந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, எல்லைச் சீட்டு வைத்திருப்போர் எல்லையோரப் பகுதிக்குள் மட்டும், அன்றாடம் வந்து திரும்பியோ பருவகாலத்திற்குத் தங்கியோ வேலை செய்ய இடமளிக்கிறது. மே சோட்டிலிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்லும் சாலையிலுள்ள சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போக அந்தச் சீட்டு உதவாது.

ஆலைக்குள் பெரும்பாலும் நடப்பது பீஸ்ரேட் முறை, அதாவது தைத்து முடித்த உருப்படிகளை எண்ணிக் கூலி போடுவது. ஆகவே ஆர்டர் குவிந்தால் இரவு வரை வேலை, ஆர்டர் வற்றினால் கூலியும் வற்றும். நாடு முழுவதற்கும் நாளொன்றுக்கு 300 பாட் என்னும் குறைந்தபட்சக் கூலி 2013இல் வந்த பின்னரும் பல ஆலைகள் அதைக் கொடுக்கவில்லை. தங்கும் விடுதி ஆலை வளாகத்துக்குள் இருப்பதும், அனுமதிச் சீட்டில் முதலாளியின் பெயர் இருப்பதும் சேர்ந்து, வேலை போனால் கூரையும் சட்டப்படியான இருப்பும் ஒருசேரப் போகும் நிலையை உண்டாக்குகின்றன. தாய்லாந்துக் குடியுரிமை இல்லாதவர் தொழிற்சங்கம் அமைக்க 1975ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், கூலி கேட்டு வாதாட இப்பெண்கள் சங்கமல்லாத உதவி அமைப்புகளையே நாட வேண்டியிருக்கிறது. வீட்டு வேலை செய்வோரின் நிலை இன்னும் மங்கலானது. வாரம் ஒரு நாள் விடுப்பு என்பதே அவர்களுக்கு 2012இல்தான் விதியாயிற்று.

உழைப்பை ஏற்ற நகரம் உழைப்பவரை ஏற்கத் தயங்கிய இடங்களில், அந்த இடைவெளியைப் பெரிதும் நிரப்பியவர்கள் புலம்பெயர்ந்தவர்களே. கரேன் இன மருத்துவர் சிந்தியா மாங் 1989இல் தொடங்கிய மே தாவ் மருத்துவமனை, ஆவணமில்லாத பெண்களும் அச்சமின்றிப் பிள்ளை பெற்றுக்கொள்ளும் இடமாயிற்று. 2002இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பெற்றோர் எந்நாட்டவராயினும் தாய்லாந்தில் பிறக்கும் குழந்தையின் பிறப்பைப் பதியலாம் என்று 2008இல் திருத்தப்பட்ட குடிப்பதிவுச் சட்டம் கூறுகிறது. அப்பதிவு குடியுரிமையைத் தராவிட்டாலும், பிள்ளையின் பெயரை முதன்முதலாக ஓர் அரசின் ஏட்டில் ஏற்றுகிறது. காலைச் சந்தையில் வேறொரு வகையான கலப்பு நடக்கிறது: மரப்பட்டையை நீர்விட்டு அரைத்த தனகா குழம்பைக் கன்னத்தில் பூசிய பெண்கள், ஊறவைத்த தேயிலையையும் மீன் விழுதையும் பரப்பிவைத்து, பர்மிய மொழியில் பேரம் பேசி, தாய்லாந்து மொழியில் விலை சொல்கிறார்கள்.

பிள்ளைகளின் படிப்பில்தான் சிக்கல் முற்றுகிறது. அனைவருக்கும் கல்வி என்ற 2005ஆம் ஆண்டு அமைச்சரவை முடிவால் அரசுப் பள்ளிக் கதவு திறந்திருந்தும், என்றாவது ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தில், பர்மிய மொழியில் கற்பிக்கும் கற்றல் மையங்களுக்கே பிள்ளைகளை அனுப்பிய தாய்மார் பலர். மியான்மரில் நடந்த 2021ஆம் ஆண்டு இராணுவப் புரட்சி அந்த எண்ணத்தைக் குலைத்தது. அதன் பின் ஆற்றைக் கடந்தவர்களில் ஆசிரியைகளும் செவிலியரும் இருந்தனர். கற்ற தொழிலை இங்கே நடத்த உரிமம் கிடைக்காததால், கற்றல் மையங்களிலோ தையல் எந்திரத்தின் முன்னோ உட்கார வேண்டியவர்களானார்கள்.