மூன்று நயா பைசா

பெரிய மனிதர்களைச் சந்திப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மனுப் போட வேண்டும். காரியதரிசி நாள் குறிக்க வேண்டும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். நானோ என் கம்பெனியின் மானேஜிங் டைரக்டரைச் சந்தித்தது கடற்கரை ரயில்வே ஸ்டேஷனில், டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால், அவர் சில்லறை புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது!

இது நடந்தது 1957 ஏப்ரலில். அந்த மாதத்தை அனுபவித்தவர்கள் லேசில் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி, ரூபாய்க்கு 16 அணா என்ற பழைய கணக்குப் போய், ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற புதுக் கணக்கு வந்தது. பழைய காசும் புதுக் காசும் ஒரே பையில் கிடந்து குலுங்கின. ஓர் அணாவுக்கு 6¼ நயா பைசா. ஆனால் கால் பைசாவுக்கும் அரைப் பைசாவுக்கும் நாணயம் ஏது? ஆகவே சர்க்கார் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. மீதி அரைப் பைசா வரை இருந்தால் தள்ளிவிடுவது. அரைக்கு மேலே போனால் ஒன்றாக எடுத்துக்கொள்வது. இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு கறிகாய்க்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரோடும் எல்லோரும் சண்டை போட்டார்கள்.

எனக்கு அப்போது வயது 22. வடக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது இன்றைய ராஜாஜி சாலையில், ஒரு பெரிய கம்பெனியில் கூலிப் பட்டியல் எழுதும் குமாஸ்தா. வேலை காயமாகவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு ஹெட் கிளார்க் நல்ல வார்த்தை எழுதினால்தான் நிரந்தரம். ஊரில் அப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெட் கிளார்க்கின் பேனா முனையில் எங்கள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையல்ல.

எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் சுமார் 300 பேர். நாள் கூலி 1 ரூபாய் 10 அணா. வாரத்தில் ஆறு நாளைக்கு 9 ரூபாய் 12 அணா, சனிக்கிழமை பட்டுவாடா. புதுக் கணக்கு வந்ததும் ஹெட் கிளார்க் அட்டவணையைப் பார்த்தார். பத்தணாவுக்கு 62 நயா பைசா. ஆகவே நாள் கூலி 1 ரூபாய் 62. அதை ஆறால் பெருக்கி, வாரத்துக்கு 9 ரூபாய் 72 என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு கிழவர் பணத்தை எண்ணிவிட்டு நகராமல் நின்றார்.

"சாமி, ஒம்பதே முக்கா ரூவாதானே நம்ம கூலி? முக்கா ரூவான்னா எழுவத்தஞ்சு காசுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்கன்னு என் பேரன் சொல்றான். இங்கே எழுவத்திரண்டுதானே இருக்குது?"

நான் விழித்தேன். அன்றிரவு அறையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பேரன் சொன்னதுதான் சரி! நாள் கூலியை மாற்றும்போது தினம் அரைப் பைசா உதிர்கிறது. ஆறு நாளில் 3 நயா பைசா. 300 பேருக்கு வாரம் 9 ரூபாய். வருஷத்துக்கு 468 ரூபாய்!

திங்களன்று ஹெட் கிளார்க்கிடம் மெல்லச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. எனக்குப் பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் போட்ட கணக்கைத் திருத்தச் சொன்னால் மட்டும் பிடிக்காது.

"சர்க்கார் அட்டவணை ஐயா இது! நானா போட்டேன்? பதினோரு அணா வாங்குகிற மேஸ்திரிக்கு 69 விழுகிறதே, அவனுக்கு லாபம்தானே? அதைப் பற்றி யாராவது வந்து சொன்னார்களா? உம்முடைய வேலையைப் பாரும்!"

பார்த்தேன். வேறென்ன செய்வது?

அந்த வெள்ளிக்கிழமை மாலைதான் ஸ்டேஷனில் அந்தக் காட்சி. என்னிடம் சைதாப்பேட்டைக்கு சீசன் டிக்கெட் இருந்ததால் க்யூவில் நிற்கத் தேவையில்லை. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலண்டை எங்கள் பெரியவர்! வழியில் கார் மக்கர் பண்ணிவிட்டதாம். உள்ளங்கையில் இரண்டணா, ஓரணா, புதுப் பத்து நயா பைசா எல்லாம் கலந்து கிடந்தன. பின்னால் நின்றவர், "பொழுது விடிஞ்சிடும் போலிருக்கே!" என்று உரக்கச் சொன்னார். ஆயிரக்கணக்கில் செக் எழுதும் கை அங்கே தடுமாறியது.

கால் தானாக நடந்தது. "ஸார், நான் எண்ணிக் கொடுக்கட்டுமா?" என்றேன்.

"கொடும் ஐயா, புண்ணியமாய்ப் போகும்! நீர் எந்த வகுப்பு?"

"மூன்றாம் வகுப்பு, ஸார்."

"எனக்கும் அதுவே வாங்கும். தனியாகப் போய் வழியில் இன்னொரு தடவை மாட்டிக்கொள்ள நான் தயாரில்லை."

வண்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். 1931-லிருந்து ஓடிக்கொண்டிருந்த தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார வண்டி அது. நான் அவருடைய கம்பெனிதான் என்று சொன்னதும், "அப்படியா!" என்று சிரித்தார். கோட்டை ஸ்டேஷன் போயிற்று. பார்க் ஸ்டேஷனும் போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. எழும்பூரில் அவர்தான் ஆரம்பித்தார்.

"அட்டவணையைத் தலைகீழாகச் சொல்கிறீரே! பத்தணாவுக்கு எவ்வளவு?"

ஊரில் பதினாறு அணா இருக்க, அவர் ஏன் பத்தணாவைக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"62, ஸார்."

"62½ அல்லவா வர வேண்டும்? அந்த அரை எங்கே போகிறது?"

தொண்டை வறண்டது. ஹெட் கிளார்க்கின் முகம், அப்பாவின் முகம், கிழவரின் முகம், மூன்றும் வரிசையாக வந்தன. கடைசி முகம்தான் நகராமல் நின்றது.

"நம் கம்பெனியில் என்றால், ஸார்... அது கம்பெனிக்கே வருகிறது."

சேத்துப்பட்டு தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹெட் கிளார்க் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இதில் அதிகம் வாங்குகிறவர்களும் உண்டா?"

"மேஸ்திரிகள் எட்டுப் பேர், ஸார். வாரத்துக்கு ஒன்றரைப் பைசா."

"ஹூம்" என்றார். நுங்கம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டார். போகும்போது, "சில்லறைக்கு வந்தனம்" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. மேலதிகாரியைத் தாண்டிக் கோள் சொன்னவனாகிவிட்டேனே என்று ஒரு மனம். சொல்லாமல் இருந்திருந்தால் நீ மனிதனா என்று இன்னொரு மனம்.

மறுநாள் சனிக்கிழமை. பட்டுவாடாவுக்கு முன் பெரியவர் எங்கள் பகுதிக்கே வந்துவிட்டார்! எல்லோரும் எழுந்து நின்றோம். கூலிப் பட்டியலை வாங்கி நிதானமாகப் புரட்டினார்.

"இந்தப் புதுக் காசு என்னையே குழப்புகிறது. அட்டவணையை நாள் கூலிக்குப் போடாமல், வார மொத்தத்துக்குப் போட்டால் என்ன? முக்கால் ரூபாய் சுத்தமாக 75 வந்துவிடுகிறதே! மூன்று வாரத்துப் பாக்கியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். யாருக்காவது அதிகம் போயிருந்தால் பிடிக்க வேண்டாம்" என்றார் ஹெட் கிளார்க்கிடம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இவர் யார்? புதிதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நேற்று எதிரே உட்கார்ந்து பேசிய மனிதருக்கு இன்று என்னைத் தெரியவில்லையா? பணக்காரர்களே இப்படித்தான் என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள்தான் மண்டையில் உறைத்தது. அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டிருந்தால் என் கதி என்ன? காயமாகாத வேலைக்காரன் நான் ஒருவன்தான்! என்னைத் தெரியாதவராக இருந்ததுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

அன்று கிழவர் வாங்கியது 9 ரூபாய் 84 நயா பைசா. எண்ணி முடித்து, மடியில் முடிந்துகொண்டு, "பேரன் கெட்டிக்காரன், சாமி!" என்றார். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் என் வேலை காயமாயிற்று. ஹெட் கிளார்க்தான் நல்ல வார்த்தை எழுதினார். அதற்கப்புறம் பெரியவருடன் தனியாகப் பேச எனக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் நான் கும்பிடுவேன், அவர் தலையசைப்பார்.

1966-இல் ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றார். மாலை மரியாதை, பிரிவுபசாரம் எல்லாம் முடிந்து, அவருடைய குடையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடப் போனேன். டிக்கெட் ஜன்னல் அருகே நின்றார்.

"இங்கேதானே ஐயா, அன்றைக்கு எம்.டி.க்குக் காசு எண்ணிக் கொடுத்தீர்?"

பெட்டி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "உங்களுக்கு எப்படி...?"

"நாலு பேருக்குப் பின்னால் நானும் அதே க்யூவில்தான் நின்றேன்."

"அப்படியானால் ஒன்பது வருஷமாக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே?"

"கேட்டால், கணக்கில் தப்பு என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடுமே!" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "நீர் முதலில் சொன்னபோதே தப்பு என்று எனக்குத் தெரியும். மேலே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் ஆனவனுக்கு வராத வாய், ஆறு மாதக்காரனுக்கு வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்."

1964-இல் 'நயா' என்ற சொல் உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று. அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் நின்றன. 2011-இல் நாலணாக் காசும் செல்லாமல் போயிற்று. இன்று மூன்று பைசாவுக்கு ஒரு கடுகுகூடக் கிடைக்காது. ஆனாலும் என் மேஜை டிராயரில் மூன்று ஒற்றை நயா பைசாக்கள் கிடக்கின்றன. செப்பு நிறம், சட்டைப் பொத்தான் அளவு. கொள்ளுப்பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன கிடைக்கும், தாத்தா?" என்று கேட்கிறான்.

ஒரு மனிதருக்குத் தூக்கமும், இன்னொருவருக்கு நியாயமும் கிடைத்தன என்று சொன்னால் அவனுக்குப் புரியுமா? இன்னும் கொஞ்சம் வளரட்டும், சொல்லிக்கொள்ளலாம்.