மான் ஓடையில் பிறந்த அம்பு

பிரயாணம் செய்வோரிற் பலர் சிகரங்களையும் நீர்வீழ்ச்சிகளையும் நாடிச் செல்வர். நாம் வட கலிபோர்னியாவின் மலைச் சரிவுகளுக்குச் சென்றதோ ஓர் அம்பின் சரித்திரத்தை நாடி. துப்பாக்கி மலிந்த தேசத்தில் அம்புக்கு என்ன பெருமை என்று நேயர்கள் வினவலாம். பெருமை அம்புக்கு மட்டும் உரியதன்று. அதைச் செய்த ஒரு மனிதனுக்கும், அவனோடு மறைந்த ஒரு சமூகத்திற்கும் உரியது.

லாஸன் என்னும் எரிமலையின் அடிவாரத்தில் டீயர் கிரீக் என்றோர் ஆறு ஓடுகிறது. 'மான் ஓடை' என்பது அப்பெயரின் பொருள். லாஸன் மலை 1914 முதல் 1917 வரை நெருப்பும் சாம்பலும் கக்கிய மலை. பண்டைக்காலத்து எரிமலைக் குழம்பு இறுகிக் கருங்குன்றுகளாய் நிற்க, அவற்றைப் பிளந்துகொண்டு ஓடை கீழே இறங்குகிறது. மேட்டிலே ஓக் மரங்களும் பைன் மரங்களும். பள்ளத்திலே மனிதன் நுழைய முடியாத முட்புதர்கள். வசந்த காலத்தில் ஸால்மன் மீன்கள் கடலிலிருந்து வெகு தூரம் எதிர்நீச்சலடித்து இங்கே வந்து சேருகின்றன. மானும் மீனும் ஓக் கொட்டையும் உணவாக, யாஹி என்னும் ஆதிக் குடிகள் இங்கே வாழ்ந்திருந்தனர்.

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவிற்று. பொன்னாசை பிடித்தோர் வெள்ளமெனப் புகுந்தனர். மான்கள் குறைந்தன, ஓடைகள் கலங்கின. பசியால் வாடிய யாஹியர் குடியேறிகளின் கால்நடைகளைக் கவர்ந்தபோது, ஆயுதந் தாங்கிய கூட்டத்தார் அவர்களை வேட்டையாடினர். ஆண், பெண், குழந்தை என்ற வேற்றுமை பார்க்கவில்லை. 1871-க்குள் சில நூறு பேர் கொண்ட அச்சமூகம் விரல்விட்டு எண்ணத்தக்க சிலராய்ச் சுருங்கிற்று. எஞ்சியவர்கள் சுமார் நாற்பது ஆண்டுகள் இப்பள்ளத்தாக்கிலேயே ஒளிந்து வாழ்ந்தனர். பாறைக்குப் பாறை தாவிக் காற்சுவடு படாமல் நடந்தனர். புகை தெரியாதபடி சிறு தீ மூட்டினர். வெடியோசை பகைவரை அழைத்துவிடும். வில்லோ ஓசையின்றிக் கொல்லும். ஆகவே வில்லே அவர்களுடைய உயிர்த்துணையாயிற்று.

1908-இல் நில அளவைக்காரர்கள் சிலர் அவர்களுடைய ஒளிவிடத்தைக் கண்டுவிட்டனர். அங்கே நோயுற்ற கிழவி ஒருத்தி மட்டும் போர்வைக்குள் கிடந்தாள். வந்தவர்கள் வில், அம்பு, கூடை முதலிய அனைத்தையும் ஞாபகப் பொருள்களென்று வாரிச் சென்றனர். நகரவாசிக்கு அவை வேடிக்கைப் பொருள்கள். அக்குடும்பத்திற்கோ அவையே குளிர்காலத்து உணவும் உடையும். கிழவி சில நாளில் மாண்டாள். மற்றவர்களும் மறைந்தனர். 1911 ஆகஸ்டு 29-ந் தேதி, ஓரோவில் என்னும் ஊரருகே ஒரு கசாப்புத் தொட்டியில், தன்னந்தனியனாய், எலும்பும் தோலுமாய் ஒரு மனிதன் வெளிப்பட்டான்.

கலாசாலைப் பேராசிரியர்கள் அவனை ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றனர். தன் பெயரைத் தானே சொல்லுதல் அவன் குலத்தில் வழக்கமன்று. அவன் பெயரைச் சொல்வதற்கு வேறு எவரும் உயிரோடில்லை. ஆகவே அவனை 'இஷி' என்றழைத்தனர். அவன் மொழியில் அதற்கு 'மனிதன்' என்பது பொருள். பக்கத்து வைத்தியக் கல்லூரியில் ஸாக்ஸ்டன் போப் என்னும் ரண சிகிச்சை நிபுணர் இருந்தார். வைத்தியராய் வந்தவர் இஷியிடம் மாணாக்கராய் அமர்ந்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகளாலேயே அந்த அம்பின் சாஸ்திரம் நமக்குக் கிட்டியது.

மான் போன்ற பெரிய மிருகத்தை வீழ்த்தும் அம்பு எப்படி இருக்க வேண்டும்? துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்போ ஆழ வெட்டி இரத்தம் பெருக்கியே கொல்லும். ஆகவே அதற்கு மூன்று குணங்கள் வேண்டும்: நேர்மை, முன்கனம், கூர்மை.

நேர்மைக்காக இஷி ஹேசல் என்னும் புதர்ச்செடியின் குச்சிகளைத் தேர்ந்தெடுத்தான். அவற்றைக் கட்டாகக் கட்டி நிழலில் உலர்த்துவான். தணலில் வாட்டிக் கோணலை விரலால் அழுத்தி நிமிர்த்துவான். இரண்டு மணற்கற்களுக்கிடையே வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவான். முன்கனத்திற்காகத் தண்டின் முனையில் துளையிட்டு, அதனிலும் கனத்த மரத்தாலான சிறு துண்டொன்றைச் செருகுவான். தலை கனத்திருந்தால் அம்பு தடுமாறாது. தோலையும் தசையையும் ஊடுருவும் விசையும் குன்றாது. பின்புறத்தில் மூன்று இறகுகளை மானின் நாரால் இறுகக் கட்டுவான். நாரை வாயில் மென்று பதமாக்கிச் சுற்றினால், உலர்ந்ததும் அது தானே இறுகிவிடும். பயிற்சிக்கு மட்டும் ஆகும் அம்புகளுக்கு முன்துண்டு தேவையில்லை. காரியத்திற்கேற்ற கருவி என்பதை அவன் நன்கறிந்திருந்தான்.

கூர்மைக்கு எரிமலைக் கண்ணாடிக் கல். மான் கொம்பின் நுனியால் அழுத்தி அழுத்திச் செதிள் செதிளாகப் பெயர்த்து முனை சமைப்பான். நாகரிகர் எறிந்த புட்டிக் கண்ணாடியும் அவன் கையில் அழகிய அம்பு முனையாயிற்று. போப் பிற்காலத்தில் பரீட்சித்துப் பார்த்தபோது, இரும்பு முனையைக் காட்டிலும் இக்கல் முனையே ஆழப் பாய்ந்தது! 1920-இல் அவரும் ஆர்தர் யங் என்பவரும் எல்லோஸ்டோனில் பெருங் கரடிகளை அம்பினால் வீழ்த்தினர். அதற்கு அவர்கள் கொண்டவை வலிய யூ மர வில்லும், அகன்ற எஃகு முனை பூட்டிய அம்புகளும். மிருகம் பெரிதானால் கனமும் அகலமும் பெருகலாம்; மூல தத்துவம் இஷி அறிந்ததே.

ஆயினும் அம்பு மட்டும் போதாதென்பது இஷியின் கொள்கை. வேட்டைக்கு முன் புகையிலையை ஒழிப்பான். நீராடி, வாசனைத் தழையை உடம்பில் தேய்த்துக்கொள்வான். புதரில் அசையாதிருந்து மிருகம் அருகில் வரும்வரை பொறுத்திருப்பான். தூரத்து மானின்மேல் வீம்புக்கு அம்பெய்து அதைக் காயத்தோடு அலையவிடுவது வேடனுக்கு அழகன்று. பொறுமையே அவன் அம்பின் நான்காம் குணம் என்று நாம் சொல்வோம்.

1914-இல் நண்பர்கள் இஷியை மான் ஓடைக்கு அழைத்து வந்தனர். உற்றார் மாண்ட அவ்விடத்திற்குத் திரும்ப அவன் முதலில் தயங்கினான். பிறகு பாதைகளையும் பழைய குடில்களின் இடங்களையும் காட்டினான். அந்த ஓடைக்கரையில் நாம் நின்றபோது நீரோசையன்றி வேறோசை கேட்கவில்லை. 1984-இல் சர்க்கார் இவ்வனத்தைக் காப்பு வனமாக்கி அவன் பெயரையே சூட்டினர். நிலத்திற்குப் பெயர் கிடைத்தது, நிலத்திற்குரியோர் எங்கே?

1916 மார்ச்சு 25-ந் தேதி க்ஷயரோகத்தால் இஷி இறந்தான். பிரேதத்தை அறுத்தல் அவனுக்குச் சம்மதமானதன்று. பேராசிரியர் க்ரோபர் தூரத்திலிருந்து தடுத்தெழுதியும் அது நடந்துவிட்டது. மூளையை எடுத்து வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் நிலையத்திற்கு அனுப்பினர். அன்போடு வளர்த்த கைகளே இதையும் செய்தன! சுதேசிகள் விடாது கேட்டதன்பேரில், 2000-இல் அதுவும் அவன் சாம்பலும் ரெட்டிங், பிட் நதிப் பிரதேசங்களைச் சேர்ந்த அவன் இனத்தாரிடம் ஒப்புவிக்கப்பட்டன. அவர்கள் அவற்றை வெளியாருக்குத் தெரியாத ஓரிடத்தில் அடக்கம் செய்தனர். 'கடைசி மனிதன்' என்று உலகம் முடிவு கட்டியவனுக்கு உரிமை கொண்டாட உறவினர் இருந்தனர்.

அவனைத் தகனம் செய்தபோது பெட்டியில் ஒரு வில்லும் ஐந்து அம்புகளும் ஓக் மாவும் வைத்தனராம். ஒரு மக்களின் நிலத்தைப் பிடுங்கிவிட்டு, அவர்கள் கைத்திறனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றுதல் மரியாதையாகாது. வேட்டைக்காரன் அம்பைத் தேர்ந்தெடுக்கும்போது நேர்மை, கனம், கூர்மை, பொறுமை நான்கையும் பார்க்கிறான். இன்னொரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கும் அந்நான்கும் வேண்டுமென்று எண்ணியவாறே நாம் மலையிறங்கினோம்.