ஆனையிறவில் நிற்கும் இரும்பு

யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தனுக்குத் திரும்பும் வழியில், ஆனையிறவு வெளியைக் கடக்கையில், எம் பேரன் வண்டியை நிறுத்தச் சொன்னான். இரும்புத் தகடுகள் போர்த்த பழைய புல்டோசர் ஒன்று அங்கே வீதியோரத்தில் நிற்பதை அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள்.

முற்காலப் போர்க்கதைகளில் குதிரைமீதமர்ந்த தளபதிக்கே பதக்கம் கிட்டும். எம் நாட்டு உள்நாட்டுப் போரில் குதிரையின் இடத்தை இத்தகைய வண்டிகள் பிடித்துக்கொண்டன. இலங்கைப் படையின் மிக உயர்ந்த விருதாகிய பரம வீர விபூஷணயவை முதன்முதல் பெற்றவரோ வண்டியில் வந்தவருமல்லர், அதிகாரியுமல்லர். சிங்க றெஜிமென்டின் 6 ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த லான்ஸ் கோப்ரல் காமினி குலரத்ன அவர். ஊர், கண்டி மாவட்டத்து ஹசலக்க.

1991 ஜூலை 10 ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமை முற்றுகையிட்டனர். உள்ளே சில நூறு படையினரே இருந்தனர். சில நாட்களில் இப்புல்டோசர் காவலரண்களை நோக்கி ஊர்ந்து வந்தது. துப்பாக்கிச் சன்னங்கள் அதன் தகட்டைத் துளைக்கவில்லை. குலரத்ன கைக்குண்டுகளுடன் தனியே ஓடி, அதன்மீதேறி, உள்ளே குண்டை எறிந்து அதனை நிறுத்தினார்; தாமும் அங்கேயே மாண்டார். வெற்றிலைக்கேணியில் கடல்வழி இறங்கிய துணைப்படை முகாமை வந்தடைந்ததோ ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான். புலிகள் பக்கத்தில் இறந்தோர் 500 க்கும் மேற்பட்டோர்.

அந்நாட்களில் நாம் பரந்தனில் இருந்தோம். இரவெல்லாம் வடக்கிலிருந்து வந்த வெடியோசையில் கூரை ஓடுகள் அதிர்ந்தன. கிணற்றடியில் வைத்த செம்புகூட அசைந்தது. அயல்வீட்டுப் பிள்ளையொருவன் அவ்வாண்டு சித்திரையில் வீட்டைவிட்டுப் போனவன்.

நாம் குலரத்னவின் கதையைச் சொல்லி முடித்தோம். துணிவு எப்பக்கத்திலிருந்தாலும் துணிவென்றே பிள்ளைக்குச் சொல்லவேண்டுமென்பது எம் எண்ணம். அவன் அனைத்தையும் கேட்டுவிட்டு, தகட்டிலிருந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான்.

“அப்பப்பா, உதை ஓட்டினது ஆர்?”

“எங்கட பொடியன்கள்தான், அப்பு.”

“அவையின்ரை பேர்?”

அங்கிருந்த எழுத்துகளில் அப்பெயர்களைத் தேடினோம். எம் கண்ணுக்கு அகப்படவில்லை. எமக்குத் தெரிந்த பெயர் ஒன்றே. அப்பிள்ளை இவ்வண்டியில் இருந்தானோ, வேறெங்கோ வீழ்ந்தானோ, அவன் தாய்க்கே இறுதிவரை தெரியாது. ஆயினும் அப்பெயரையே சொன்னோம். பேரன் அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.