எங்கள் பாடசாலையின் கதையை எழுதும்போது

கல்லூரிகள் பலவும் இன்று தமக்கென இணையத்தளம் வைத்திருக்கின்றன. கல்லூரி வரலாறு, பழைய மாணவிகளின் நினைவுகள், புகைப்படங்கள் என ஆக்கங்கள் கேட்கின்றன. இதைப்பற்றிக் கரைத்தீவுச் சகோதரிகளிடம் கதைத்தால், "நாங்க என்னத்த எழுதுற மிஸ்? படிப்பப் பாதியில விட்ட ஆக்கள்" என்கிறார்கள். ஏன் பாதியில் விட நேர்ந்தது என்பதுதான் எழுதப்பட வேண்டியது என்பேன்.

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அகதிகளான சுமார் 75,000 பேரில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். கல்லூரியின் வரலாற்றுப் பக்கத்தில் இது ஒரே வரியில் முடிந்துவிடலாம். அந்த வரியை விரித்துச் சொல்லக்கூடியவர்கள் அங்கே படித்த நீங்களே.

ஆயினும் எழுதும்போது சில விடயங்களைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

முதலாவது, ஊரையும் ஆண்டையும் தெளிவாக எழுதுங்கள். நம்முடையது புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவு அம்பாறை மாவட்டத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும். மாவட்டத்தைக் குறிப்பிடாவிட்டால் உங்கள் கதை வேறோர் ஊரின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆண்டு ஞாபகமில்லையா? "ஏழாம் ஆண்டு படிக்கும்போது" என்றாலே போதும். ஊகித்து எழுத வேண்டாம்.

இரண்டாவது, கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். ஒரு சமூகத்தின் மேல் பழி விழக்கூடிய செய்தியென்றால் இது மிகவும் அவசியம்.

மூன்றாவது, பிறருடைய பெயரையும் படத்தையும் அவர்களிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கூடப் படித்த தோழி தனக்கு நேர்ந்ததைத் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதிருக்கலாம். கல்லூரி மலர் ஒரு சில வீட்டு அலுமாரிகளில் இருக்கும். இணையத்தில் ஏறியதை எந்த நாட்டிலும் திறந்து பார்ப்பார்கள். பிறகு நீக்கினாலும் யாரோ ஒருவரின் தொலைபேசியில் மிஞ்சும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதற்கு முன்பும் நமக்கு இது அமானிதமே. அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி எதையும் ஆக்கத்தில் சேர்க்க வேண்டாம்.

நான்காவது, திருத்திய பிரதியை வெளியிட முன்னர் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். பிழை திருத்துவது வேறு, உங்களை அனுதாபத்துக்குரிய அபலையாக மாற்றி எழுதுவது வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கத்தின் உரிமை எழுதியவருக்கே உண்டு. ஆகவே, "இந்த வசனம் வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

நீண்ட கட்டுரை தேவையில்லை. வகுப்பறை, கூட இருந்த பிள்ளைகள், கடைசியாகப் பாடசாலைக்குப் போன நாள் ஆகியவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாலே போதும். எழுதச் சிரமமென்றால் சொல்லுங்கள், மகளோ பேத்தியோ எழுதட்டும். நம் பிள்ளைகள் அந்தக் கல்லூரியின் பெயரைத் தேடும்போது, தங்கள் உம்மாவும் அங்கே படித்தார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.