கைத்திறனுக்கும் ஒரு நாவு வேண்டும்

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையின் பட்டுப்பாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? துணிபோல் மடியும் அப்பாயின் விலையைக் கேட்ட பெண்மணி ஒருவர், “பாய்க்கா இவ்வளவு?” என்று திரும்பிச் சென்றதை நான் கண்டேன். விற்றவர் மௌனமாக இருந்தார். கோரையை நுண்ணிய இழைகளாகக் கிழித்து, ஆற்றுநீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, உலர்த்தி, பருத்திப் பாவில் இழையிழையாக நெய்யும் வரலாற்றை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லப்படாத உழைப்புக்கு விலை கிடைப்பதில்லை.

விளம்பரம் என்றாலே வீண் ஆரவாரம் என எண்ணிக் கலைஞர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். 1900ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மிச்செலின் டயர் நிறுவனத்தார் செய்ததைக் கேளுங்கள். தம் டயரைப் புகழ்வதோடு நில்லாமல், டயர் மாற்றும் முறை, பழுது பார்க்கும் இடம், தங்கும் விடுதி ஆகியவை அடங்கிய வழிகாட்டி நூலை வாகன ஓட்டிகளுக்கு இலவசமாக வழங்கினர். பயன் முந்தியது, வணிகம் பின்தொடர்ந்தது.

தையலோ, மருதாணியோ, சித்திர எழுத்தோ, உங்கள் கலை எதுவாயினும் செய்முறையை எடுத்துரையுங்கள். பொருளைப் பேணும் விதத்தைச் சீட்டில் எழுதி உடன் கொடுங்கள். குறையிருந்தால் மறைக்காதீர்கள், ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம்.

உழைப்பின் மதிப்பு ஊருக்குப் புரிந்தால்தான், நம் பெண்மக்கள் நாளையும் தறியில் அமர்வார்கள்.