ஓடுகளின் குன்று

டைபர் நதியின் இடக்கரையில், புராதன ரோமாபுரியின் ஆற்றுத்துறை இருந்த இடத்துக்குச் சற்றுப் பின்புறமாக, ஏறத்தாழ 35 மீட்டர் உயரமும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவும் கொண்ட குன்று ஒன்று நிற்கிறது. புல்லும் புதரும் மண்டிய அதன் சரிவில் கால் வைத்தால் மண் மிதிபடும் ஓசை எழுவதில்லை. அடிக்கு அடி ஓடுகள் நொறுங்கிக் கலகலக்கின்றன. உச்சி முதல் அடிவரை அது முழுவதும் உடைந்த எண்ணெய்ச் சாடிகளாலேயே ஆன குன்று. மோன்டே டெஸ்டாச்சோ என்று அதற்குப் பெயர். கல்லூரி மாணவர் சிலரோடு துணைக்குப் போன எனக்கு, பளிங்கு மண்டபங்களும் வெற்றி வளைவுகளும் அளிக்காத பரவசத்தை இந்தக் குப்பைமேடு அளித்தது என்று சொன்னால் என் ரசனையைப் பற்றி நண்பர்கள் என்ன நினைப்பார்களோ, நினைத்துக்கொள்ளட்டும்.

முன்னனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே திறக்கும் அந்த இரும்புக் கதவின் முன் காத்திருந்தபோது, வெயிலில் முகம் சிவந்திருந்த ஒரு பையன், "ஏன் சார், குப்பைமேடு பார்க்கவா இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தோம்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சக்கரவர்த்திகளின் பெயர் பொறித்த கட்டடங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, அவர்களுடைய பிரஜைகள் தின்று முடித்து எறிந்த கலங்களின்மேல் ஏறுவதற்கு ஒரு பொழுதையே ஒதுக்கியிருந்தேன். பதில் சொல்லாமல் ஏறச் சொன்னேன். உபாத்தியாயர்களுக்கு இந்தச் சௌகரியம் எப்போதும் உண்டு.

மேலே போனபின் கணக்கு ஆரம்பமாயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டு தொடங்கி மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் குவிந்த இந்த மேட்டில் 5 கோடியே 30 லட்சம் சாடிகள் உடைந்து கிடக்கலாம் என்பது அறிஞர்களின் ஒரு மதிப்பீடு. பெரும்பாலானவை ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து, குவாடல்கிவிர் நதிக்கரைத் தோப்புகளின் ஆலிவ் எண்ணெயைச் சுமந்து வந்தவை. எஞ்சியவற்றில் பெரும்பகுதி வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவை. பருத்த வயிறும் இரண்டு கைப்பிடிகளும் கொண்ட ஸ்பானியச் சாடி ஒன்று வெறுமையாகவே 30 கிலோ நிறுக்கும். அதில் ஏறக்குறைய 70 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். கைப்பேசியை எடுத்துப் பெருக்கிப் பார்த்த ஒரு பெண், 370 கோடி லிட்டர் என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாமல் மறுபடி பெருக்கினாள். தாளிக்க மட்டுமா எண்ணெய்? விளக்கு எரிந்ததும் அதில்தான், ஸ்நான கட்டங்களில் உடம்பில் பூசிக்கொண்டதும் அதைத்தான். பல தலைமுறைகளாக இலவசமாகத் தானியம் வழங்கி நகரத்தின் ஏழைகளைச் சாந்தப்படுத்திவந்த அரசாங்கம், செப்டிமியஸ் செவெரஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் எண்ணெயையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு நல்ல சாடிகளை ஏன் உடைத்து எறிந்தார்கள் என்ற கேள்விக்கு விடை புஸ்தகங்களில் இருக்கிறது; எனக்கோ அது என் பாட்டியிடமிருந்து முன்னமே கிடைத்திருந்தது. நல்லெண்ணெய் வைத்திருந்த மண்கலயத்தை எத்தனை முறை கழுவி வெயிலில் காயவைத்தாலும், மண்ணுக்குள் ஊறிப்போன எண்ணெய் நாளடைவில் காறிப்போய், அதில் பிறகு எதை வைத்தாலும் சிக்கு வாடை ஏற்றிவிடும் என்பதால், அந்தக் கலயத்தில் எண்ணெயைத் தவிர வேறொன்றும் வைக்கக்கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். கலயம் உடைந்தபோதும் அவள் அதை எளிதில் விட்டுவிடவில்லை. அடிப்பாகம் உருப்படியாகத் தேறினால் கடலை வறுக்கும் ஓடாகும். தேறாத சில்லுகள் எங்களுடைய பாண்டி ஆட்டத்துக்கு வரும். அதற்கும் ஆகாதவை கொல்லைப்புறத்துக் குழிக்குப் போகும். ரோமாபுரியின் துறைமுக அதிகாரிகளுக்குக் கொல்லைப்புறமும் இல்லை, பாண்டி விளையாடும் பேரக்குழந்தைகளும் இல்லை. ஸ்பெயினுக்கு வெறுஞ்சாடியைத் திருப்பி அனுப்புவதோ வீண் செலவு. ஆகவே எண்ணெயை ஊற்றிக்கொண்டார்கள், உடைத்தார்கள், அடுக்கினார்கள்.

அடுக்கினார்கள் என்று நான் எழுதியது கைதவறி அன்று. முழுச் சாடிகளின் உடலையே வரிசையாக நிறுத்தி, அவற்றுக்குள் ஓட்டுத்துண்டுகளை நிரப்பித் தாங்குசுவர் எழுப்பி, அச்சுவருக்குப் பின்னால் படிப்படியாகத் தளம் அமைத்து, காறல் நாற்றம் அடங்குவதற்காக அவ்வப்போது சுண்ணாம்பு தூவி, ஒரு தளம் நிறைந்தபின் அடுத்த தளத்துக்குப் போயிருக்கிறார்கள். குப்பை கொட்டுவதில் இவ்வளவு சிரத்தை கொண்ட ஒரு நகரத்தைப் பற்றி, அதன் யுத்தங்களை மட்டும் சொல்லிக்கொடுத்த சரித்திரப் பாடங்களின்மேல் எனக்கு அன்று கோபமே வந்தது.

அந்த அடுக்கின் பெருமையை உலகுக்கு உணர்த்தியவர் ஹாய்ன்ரிஷ் டிரெஸ்ஸல் என்ற ஜெர்மானிய அறிஞர். 1872-இல் அவர் இந்த மேட்டின்மேல் குனிந்தார். ஆராய்ச்சியின் பலன் பெரும் சாசனத் தொகுதியின் பாகமாக அச்சேறியது 1899-இல். இடையில் கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், நம் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் வழிகாட்டிகளின் தாமதத்தைப் பற்றிக் குறை சொல்லமாட்டார்கள். அவர் கண்டது என்னவென்றால், இந்தச் சாடிகளின் தோள்களிலும் வயிற்றிலும் தூரிகையாலும் நாணல் எழுதுகோலாலும் தீட்டிய எழுத்துகள் அழியாமல் இருக்கின்றன என்பதுதான். ஓரிடத்தில் வெறும் சாடியின் எடை. அதன்கீழ் வியாபாரியின் பெயர். அதன்கீழ் உள்ளே ஊற்றிய எண்ணெயின் எடை. பக்கவாட்டில், சாய்ந்த கையெழுத்தில், எந்த ஊர்ச் சாவடியில் சோதனை நடந்தது, நிறுத்தவர் யார், அந்த ஆண்டின் கான்சல்கள் என்ற தலைமை அதிகாரிகள் இருவர் யார் என்ற விவரம். கைப்பிடியிலோ, சுடுவதற்குமுன் குத்திய முத்திரை வேறு. செவெரஸ் காலத்தை எட்டியதும் வியாபாரியின் பெயர் இருந்த இடத்தில் சக்கரவர்த்தியின் பெயரும் அவர் புதல்வர்களின் பெயரும் ஏறிவிடுகின்றன; எண்ணெய் வர்த்தகத்தில் அரசாங்கம் நேரடியாகக் கைவைத்துவிட்டதை எந்தச் சரித்திராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடமுடியாது.

எண்ணிப் பாருங்கள்: இதை எழுதிய குமாஸ்தா பின்னால் வரப்போகும் நமக்காக எழுதவில்லை. துறையில் கப்பல் காத்திருக்கிறது, வெயில் ஏறுகிறது, தராசுக்குப் பக்கத்தில் யாரோ எடையைப் பற்றித் தகராறு செய்துகொண்டிருக்கிறார்கள், அவனோ அடுத்த சாடிக்குப் போகவேண்டும். புகழ் வேண்டி எழுதாததாலேயே அவன் பொய் எழுதவில்லை. வெற்றி வளைவுகளில் பொறித்திருப்பவற்றை நான் படிக்கும்போது பாதியைத் தள்ளுபடி செய்துகொண்டே படிப்பது வழக்கம். இந்தச் சாடியில் எண்ணெய் இத்தனை ராத்தல் என்றால் அத்தனை ராத்தல்தான் என்று நம்பத் தோன்றுகிறது.

டிரெஸ்ஸல் அந்நூலில் சாடிகளின் உருவங்களை எண்ணிட்டு வரைந்த பட்டியலைத்தான் தொல்லியலார் இன்றும் கையாளுகிறார்கள். இந்த மேட்டின் ஸ்பானியச் சாடி அதில் 20-ஆம் எண். நம் அரிக்கமேட்டில் கிடைத்த மதுச் சாடித்துண்டுகளில் பலவும் அதே பட்டியலின் 2 முதல் 4 வரையுள்ள எண்களில் அடங்குகின்றன. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமையை ஏற்று வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றுக்குள் கைவிட்டு, அத்தகைய சாடி ஒன்றின் கழுத்தையும் கைப்பிடியையும் வெளியே எடுத்துத் திகைத்த கதையைத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தது என்று அறிந்ததும் அவர் தாமதியாமல் அங்கே புறப்பட்டதும், மறு ஆண்டே அரிக்கமேட்டில் அகழ்ந்ததும் யாவரும் அறிந்தவை. அவர் கையில் அகப்பட்டது பொற்காசாக இருந்திருந்தால் அது அந்த அலமாரியில் அவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது ரோமாபுரியின் பளிங்குதான். முதல் நாள் எங்களுக்கு வழிகாட்டியவர், கொலோசியத்தின் சுவரெங்கும் தெரிந்த பொத்தல்களை அம்மைத் தழும்பு என்று வேடிக்கையாக வருணித்துவிட்டுப் போய்விட்டார். கல்லோடு கல்லைப் பிணைத்திருந்த இரும்பைப் பிற்காலத்தார் தோண்டி எடுத்த இடங்கள் அவை. இரும்பு போயிற்று, பிறகு கல்லும் போயிற்று, ஐந்தாம் நிக்கோலஸ் போப்பாக இருந்த காலத்தில், 1452-ஐ ஒட்டி, சில மாதங்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிச் சுமைக் கல் அங்கிருந்து அகன்றதாகக் கணக்கு இருக்கிறது. ஃபோரம் என்ற நகர மன்றத்தின் பளிங்குத் தூண்களும் சிலைகளும் சுண்ணாம்புக் காளவாய்களில் வெந்து நீறாயின. பாந்தியன் கோயிலின் முகமண்டபத்திலிருந்த வெண்கல உத்தரங்களை எட்டாம் உர்பன் போப் கழற்றிப் பீரங்கி வார்த்தார். விலையுள்ளது எதுவும் தன் இடத்தில் நிலைக்கவில்லை. எண்ணெய் ஊறிய ஓட்டுத்துண்டையோ கொத்தனும் விரும்பவில்லை, கொல்லனும் விரும்பவில்லை, போப்பும் விரும்பவில்லை. மத்திய காலத்து ஜனங்கள் அதன் உச்சியில் சிலுவை நட்டார்கள். விழா நாட்களில் அதன் சரிவில் விளையாடினார்கள். இடைவெளிகளினூடே குளிர்ந்த காற்று வருவதைக் கண்டு அதன் அடியைக் குடைந்து திராட்சை மது வைத்தார்கள். அவ்வளவுதான்.

அப்படிக் குடைந்த நிலவறை ஒன்றில் இன்று நடக்கும் போஜன சாலைக்கு அன்றிரவு போனோம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், விளக்கொளியில், பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஓடுகள் கூரைவரை அடுக்காகத் தெரிந்தன. உணவுப் பட்டியலைப் பார்த்து, தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது, சீசர் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்று நான் சொன்னதும் மாணவர்களுக்கு அவரிடம் உண்டான இரக்கம், அவர் கத்திக்குத்துப்பட்டு இறந்ததைக் கேட்டபோதுகூட உண்டாகவில்லை. எனக்கு வந்தது காச்சோ இ பேப்பே: செம்மறிப்பாலின் பெகோரினோ பாலாடைக்கட்டியைத் துருவி, மிளகை நொறுக்கிப் போட்டு, பாஸ்தா வெந்த கஞ்சித்தண்ணீரிலேயே குழைத்துத் தருவது; அதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. டொமிஷியன் சக்கரவர்த்தி நகரின் நடுவே மிளகுக்கென்றே பண்டகசாலை கட்டினார். அதன்மேல் பிற்காலத்தில் மாக்சென்டியஸ் எழுப்பிய மாபெரும் மண்டபத்தின் வளைவுகளைத்தான் பிரயாணிகள் இன்று அண்ணாந்து பார்க்கிறார்கள். மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப்போன சரக்கு, தன்னை மூடிய மண்டபம் இடிந்தபின்னும் தட்டில் காரமாகவே இருக்கிறது.

மாணவர்களோ வேறொன்றை நாடினார்கள். அந்தப் பேட்டையில் 1890-ஐ ஒட்டிக் கட்டிய பெரிய இறைச்சிக் கொட்டில் 1975 வரை நடந்தது. நல்ல சதையெல்லாம் பணம் உள்ளவர்களின் வீட்டுக்குப் போக, அங்கே உழைத்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக வாலும் குடலும் இரைப்பையும் தோலுக்கடியில் எஞ்சியவையும் கிடைத்தன. நான்கு கூறாக வெட்டிய மாட்டில் எஞ்சிய ஐந்தாவது கூறு என்று அதற்குப் பரிகாசப் பெயர். வாலைச் செலரித் தண்டுகளோடு மணிக்கணக்காக வேகவைத்தும், இரைப்பையைப் புதினா இனத்துத் தழையும் பெகோரினோவும் சேர்த்துப் பக்குவப்படுத்தியும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும் பக்கத்துச் சத்திரக்காரர்களும் வளர்த்த சமையலே ரோமாபுரியின் தனிப்பெருமையாகிவிட்டது. அதைத் தேடி இன்று வசதியுள்ளவர்கள் முன்பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், வந்த தட்டை முகர்ந்து, "சார், இது எங்க அம்மா வைக்கிற குடல் குழம்புக்குத் தம்பி" என்று தீர்ப்புச் சொன்னான். சைவனாகிய நான் ஆர்ட்டிசோக் மொட்டின் இதழ்களைக் கடித்துக்கொண்டே அவன் தீர்ப்பை ஒப்புக்கொண்டேன்.

ஒரே பேட்டையில், ஒரே மேட்டின் அடியில், யாருக்கும் வேண்டாத ஓடும் யாருக்கும் வேண்டாத இறைச்சியும் இப்படி நிலைபெற்றதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. வேண்டப்படாமை ஒரு பொருளைக் கொள்ளையிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. தள்ளியவராவது பெற்றவராவது அதன்மேல் சிறிது சிரத்தை வைத்திருக்க வேண்டும். எறிந்தவன் எடையை எழுதி, வரிசையாக அடுக்கினான். கழிவைக் கூலியாகப் பெற்றவள் பொறுமையாக அடுப்படியில் நின்றாள். இவ்விரண்டும் கூடாத இடத்தில் குப்பை குப்பையாகவே இருக்கும்.

இந்தச் சித்தாந்தத்தை மேசையிலேயே பிரசங்கித்தபோது, கணக்குப் போட்ட பெண், "அப்படியானால் சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேடும் ஒரு காலத்தில் சரித்திரச் சின்னம் ஆகுமா சார்?" என்று மடக்கினாள். எழுத்துக்கு நம்மிடம் குறைவில்லை. நாம் எறியும் ஒவ்வொரு உறையிலும் நிகர எடை, உரிம எண், அடைத்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அச்சாகியிருக்கின்றன. ரோமானியக் குமாஸ்தாவே பொறாமைப்படுவான். அடுக்குத்தான் இல்லை. டிரெஸ்ஸலையொத்த பொறுமைசாலி ஒருவர் பிற்காலத்தில் வந்தாலும், எல்லாம் எல்லாவற்றோடும் கலந்து எரிந்து அழுகிய அந்த மேட்டில் எந்த ஆண்டு எந்த ஆண்டுக்கு மேலே என்று அவரால் சொல்லமுடியாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்துக் கொடுக்கும்படி நம்மைக் கேட்பவர்கள் சுகாதாரத்தை மட்டுமே காரணமாகச் சொல்லிவருகிறார்கள். சரித்திரத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் சிபாரிசு.